இருபத்தைந்து நாற்காலிக் கச்சேரி

வார்சாவில் என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரிலிருந்து யாராவது கேட்டால் என் பதில் இதுதான்: பழைய கட்டடம் ஒன்றின் முதல் மாடியில், ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு, மாலையில் ஒரு மணி நேரம் பியானோவில் போலந்து இசையமைப்பாளர் ஷோபானின் இசையை வாசிக்கிறேன். அறையில் இருபத்தைந்து நாற்காலி போடலாம். நெருக்கிப் போட்டால் முப்பது. மேடை இல்லை, மைக் இல்லை. முதல் வரிசையில் இருப்பவர் கையை நீட்டினால் பியானோவைத் தொட்டுவிடலாம்.

இசைக் கல்லூரியில் என்னோடு படித்தவர்கள் பலர் இதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொள்வதில்லை. போட்டி, ஃபில்ஹார்மோனிக் அரங்கம், ஒலிப்பதிவு ஒப்பந்தம், இதுதான் அவர்கள் பார்க்கும் பாதை. அதில் இடம் கிடைக்காதவர்கள் வாடகை கட்டுவதற்காகச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாசிக்கிறார்கள் என்பது அவர்கள் எண்ணம். என்னிடம் நேராகவே சொல்லியிருக்கிறார்கள். வாடகை கட்டுவது உண்மைதான். மற்றதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஷோபானின் இசை எழுதப்பட்டதே இந்த மாதிரி அறைக்குத்தான். பெரிய அரங்கத்துக்கு அது பிற்பாடு போய்ச் சேர்ந்தது.

அவர் வாழ்க்கையைப் பார்த்தாலே இது தெரியும். 1810-ல், வார்சாவுக்கு மேற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டரில் இருக்கும் ஷெலாசோவா வோலா கிராமத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் வார்சாவுக்குக் குடிவந்துவிட்டது. இருபது வயதில், 1830 நவம்பர் 2-ஆம் தேதி, இந்த ஊரை விட்டுக் கிளம்பினார். அதே மாதக் கடைசியில் ரஷ்ய ஆட்சிக்கு எதிராக இங்கே எழுச்சி வெடித்தது. அது தோற்றது. அவர் திரும்பி வரவே இல்லை. மீதி வாழ்க்கையின் பெரும்பகுதி பாரிஸில் கழிந்தது. முப்பத்தொன்பது வயதில் இறந்துபோன அவர், வாழ்நாள் முழுக்கப் பொதுக் கச்சேரி செய்தது ஏறக்குறைய முப்பது தடவைதான். பாடம் சொல்லிக்கொடுத்தும், எழுதியதைப் பதிப்பாளர்களுக்கு விற்றும் பிழைத்தார். வாசித்ததெல்லாம் தெரிந்தவர்கள் வீட்டுக் கூடங்களில்.

1829-ல் வியன்னாவில் வாசித்தபோதே, ஒலி போதவில்லை என்று அங்கே பேசிக்கொண்டதை அவர் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். கூட்டத்தைப் பார்த்தால் தனக்கு ஒடுங்கிப்போகிறது என்று அவர் சொன்னதாக, அவர் காலத்துப் பியானோ மேதை லிஸ்ட் எழுதியிருக்கிறார். அந்த லிஸ்ட்தான் 1840-ல் லண்டனில் தன் கச்சேரிக்கு ‘ரிசைட்டல்’ என்று பெயர் போட்டவர். ஒரே ஆள், ஒரே பியானோ, எதிரே ஒரு பெரிய கூட்டம் என்ற வழக்கத்தை நிலைநிறுத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று உலகம் முழுக்கப் பியானோ கச்சேரி என்றால் லிஸ்ட் போட்ட வழிதான். அந்த வழியில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் ஷோபானை அந்த வழியிலேயே கேட்டுக் கேட்டு, அவர் தணிந்த குரலில் எழுதிய இடங்களின் உண்மையான அளவு நமக்கு மறந்துவிட்டது. 1848-ல் அவருடைய கடைசிப் பாரிஸ் கச்சேரிகூட, பிளெயெல் பியானோக் கம்பெனியின் கூடத்தில், முந்நூறு பேர் முன்னால் நடந்ததுதான்.

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் அது இறங்குவது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதில்தான் ஒலியின் அளவு இருக்கிறது. ஆயிரம் பேர் உட்கார்ந்த அரங்கில், கடைசி வரிசை ஆளுக்கும் எட்ட வேண்டுமே என்று மெல்லிய இடத்தைக்கூடக் கொஞ்சம் அழுத்தித்தான் வாசித்தாக வேண்டும். எல்லாப் பியானோ கலைஞர்களும் பழகிக்கொள்ளும் விஷயம் இது. சிறிய அறைக்கு வந்தால் அந்தப் பழக்கத்தை முழுக்க விட வேண்டும். எனக்கு அது சுலபமாக வரவில்லை. முதலில் பியானோவின் மூடியைச் சின்னத் தாங்குகோலில் நிறுத்திப் பார்த்தேன், ஒலி இறங்கியது. அதோடு தெளிவும் மங்கியது. இப்போது மூடியை முழுக்கத் திறந்து வைத்துவிட்டுக் கையைத்தான் அடக்குகிறேன். இடது பெடலை மிதித்தால் சுத்தியல் வரிசை முழுவதும் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து, மூன்று கம்பிகளில் இரண்டை மட்டும் தட்டும். அப்போது ஒலியின் நிறமே மாறும். அரங்கில் அது யாருக்கும் தெரியாது. இங்கே இரண்டாம் வரிசையில் இருப்பவர் சட்டென்று தலை நிமிர்த்துவதை ஓரக்கண்ணால் பார்க்கலாம்.

நல்லது கேட்கும் அறையில் மற்றதும் கேட்கும். பெடலை விடும்போது கம்பளித் துண்டுகள் கம்பிமேல் உட்காரும் சத்தம், நகம் கட்டையில் உரசுவது, மூச்சு, எதையும் மறைக்க முடியாது. சென்னையில் மைக் இல்லாமல் வீட்டுக் கூடத்தில் நடக்கும் கர்நாடகக் கச்சேரிகளுக்குப் போயிருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். பாடகர் அடுத்த வரிக்கு மூச்சு எடுப்பதைக் கேட்டே அது எங்கே போகப்போகிறது என்று பாதி ஊகித்துவிடலாம். எனக்குத் தெரிந்து ஷோபானைக் கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமான தூரம் இல்லை.

பியானோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் இங்கே வெப்பமூட்டிகள் ஓடுவதால் அறையின் காற்று வறண்டுபோகும். ஒலிப்பலகை சுருங்கும், சுருதி இறங்கும். அதே அறைக்குள் பனியில் நனைந்த கோட்டுகளோடு இருபத்தைந்து பேர் வந்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் சூடும் ஈரமும் ஏறும். மதியம் டியூனர் சேர்த்துவிட்டுப் போன சுருதி, கச்சேரி முடிவில் அப்படியே இருக்காது. நான் பியானோ கற்றுக்கொண்டது பெரம்பூரில், ஆங்கிலோ இந்திய டீச்சர் ஒருவர் வீட்டில். அங்கே பிரச்சினை நேர் எதிர். மழைக்காலத்தில் மரம் ஊறிக் கட்டைகள் இறங்கிய இடத்திலேயே நின்றுவிடும். மிஸ் தன் அப்ரைட் பியானோவுக்குள் குறைந்த வாட் பல்பு ஒன்றை எரியவிட்டே வைத்திருப்பார், உள்ளே ஈரம் தங்காமலிருக்க. “எந்தப் பியானோ கிடைச்சாலும் முதல்ல அது என்ன சொல்லுதுன்னு கேளு, அப்புறம் நீ சொல்லு” என்பார். கச்சேரிக்கு அரை மணி நேரம் முன்னால் வெறும் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் அவரிடமிருந்து வந்ததுதான்.

வருகிறவர்கள் யார்? காலையிலிருந்து நடந்தவர்கள். பழைய நகரச் சதுக்கத்தைப் பார்த்திருப்பார்கள். போரில் தரைமட்டமாகி, மறுபடி செங்கல் செங்கலாகக் கட்டப்பட்ட இடம் அது என்று வழிகாட்டி சொல்லியிருப்பார். திருச்சிலுவைத் தேவாலயத்துக்குள் போய், ஷோபானின் இதயம் வைக்கப்பட்டிருக்கும் தூணின் முன்னால் நின்றிருப்பார்கள். உடல் பாரிஸ் கல்லறையில் இருக்கிறது. இதயத்தை அவருடைய அக்கா லுட்விகா வார்சாவுக்குக் கொண்டுவந்தார். அந்தத் தூணைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முகத்தில் ஒரு யோசனை இருக்கும். கூடவே கால் வலியும் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஷூ நாடாவைத் தளர்த்துகிறவர்கள் நிறையப் பேர்.

இவர்களுக்குப் பெரிய முழக்கத்தோடு ஆரம்பிக்கக் கூடாது. சுற்றுலா நிறுவனங்கள் கேட்பது பெரும்பாலும் கம்பீரமான போலந்து நடன இசையான ஏ ஃப்ளாட் பொலொனேஸைத்தான், எல்லோருக்கும் தெரிந்தது, கைதட்டல் நிச்சயம். அது மகத்தான இசை. ஆனால் எங்கள் அறைக்குள் அதை எழுதிய வேகத்தில் வாசித்தால் முதல் வரிசைக்காரர் உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொள்வார். அடக்கி வாசித்தால் அது பொலொனேஸாக இருக்காது. அதனால் அதை என் நிகழ்ச்சியில் வைப்பதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுவேன். நான் ஆரம்பிப்பது சி ஷார்ப் மைனர் நாக்டர்னில், நாக்டர்ன் என்றால் இரவின் மனநிலையில் அமைந்த மெல்லிய இசை. 1830-ல் லுட்விகாவுக்காக எழுதியது, ஷோபான் இறந்த பிறகுதான் அச்சானது. தொடக்கத்தில் சில சுரக்கூட்டுகள் மட்டும், அப்புறம் ஒரு சின்ன நிறுத்தம், அதன்பின் பாட்டு தொடங்கும். அந்த நிறுத்தத்துக்குள் அறை அடங்கிவிடும். நாற்காலி கிறீச்சிடுவது, கைப்பையைக் கீழே வைப்பது எல்லாம் முடிந்திருக்கும்.

அடுத்து மசூர்க்கா என்ற போலந்து நடன இசையில் மூன்று அல்லது நான்கு, பிறகு பெர்சூஸ் என்ற தாலாட்டு, கடைசியில் ஜி மைனர் பலாட். இந்த வரிசையை அடிக்கடி மாற்றமாட்டேன். பலாட் ஒன்பது பத்து நிமிடம் போகும். அதற்குள் ஒரு முழுக் கதை இருக்கிறது. அதைக் கேட்க முன்னால் நாற்பது நிமிடம் காதைப் பழக்க வேண்டும். முதலிலேயே வைத்துவிட்டால் பயணக் களைப்பில் இருப்பவர்களுக்கு அது வெறும் வேகமாகத்தான் போய்ச் சேரும்.

தூங்குகிறவர்கள் உண்டு. கண்டம் கடந்து வந்த முதல் நாள் மாலை, கதகதப்பான அறை, மெல்லிய இசை. பெர்சூஸ் நடக்கும்போது யாராவது ஒருவர் தலை கண்டிப்பாகச் சாயும். இதைச் சில கலைஞர்கள் அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் துளியும் வருத்தம் இல்லை. அதில் இடது கை, ஏறக்குறைய ஆரம்பம் முதல் முடிவு வரை, ஒரே சின்ன அசைவைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும். மேலே வலது கை மட்டும் கற்பனை செய்துகொண்டு போகும். தாலாட்டில் ஒருவர் தூங்கினால் அது எழுதியவருக்கு மரியாதைதான். பக்கத்தில் இருக்கும் மனைவி முழங்கையால் இடித்து எழுப்பப் போனால், வேண்டாம் என்று கண்ணாலேயே சொல்வேன்.

ஜப்பானியக் குழுக்கள் வரும் மாலைகளில் எனக்குப் பதற்றம் கொஞ்சம் கூடும். அவர்களில் பலர் சிறு வயதில் பியானோ கற்றவர்கள். ஷோபான் போட்டிக்காகவே அக்டோபரில் வார்சாவுக்குப் பயணம் வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 1927-ல் தொடங்கி, போர்க்காலம் தவிர, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை என்று நடந்துவரும் போட்டி. 2020-ல் நடக்க வேண்டியது கொரோனாவால் 2021-க்குத் தள்ளிப்போனது. அந்த வருடம் ஜப்பானின் சொரிதா கியோஹேய் இரண்டாம் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த ரசிகர்களிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஒரு தடவை ஈ ஃப்ளாட் நாக்டர்ன், ஓபஸ் 9 என்று எண்ணிட்ட தொகுப்பில் இரண்டாவது, வாசித்துக்கொண்டிருந்தேன். முதல் வரிசையில் வயதான ஓர் அம்மா, மடியில் வைத்திருந்த கைப்பையின் மேல் விரல்களை நகர்த்திக்கொண்டிருந்தார். இடது கையின் தாவல்கூடச் சரியாக இருந்தது. முடிந்ததும் மொழிபெயர்ப்பாளர் மூலமாக ஒன்று கேட்டார்: மூன்றாவது தடவை அந்த வரி வந்தபோது நான் போட்ட அலங்காரம் அவர் புத்தகத்தில் இல்லையே, எங்கிருந்து வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. ஷோபான் தன் மாணவர்களின் புத்தகங்களில் பென்சிலால் வேறு வேறு அலங்காரங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த நாக்டர்னுக்கு மட்டும் அப்படிப் பல வடிவங்கள் கிடைத்திருக்கின்றன. ஒரே வரி, ஒரு மாணவிக்கு ஒரு மாதிரி, இன்னொருவருக்கு வேறு மாதிரி. அவர் ஒரு தடவை வாசித்த மாதிரி மறு தடவை வாசிக்க மாட்டார் என்று அவரைக் கேட்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தினமும் அதே நிகழ்ச்சியை வாசித்தால் சலிக்காதா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கும் இதுதான் பதில். அந்த அலங்காரங்களில் எது என்று அன்றைய அறையைப் பார்த்து எடுத்துக்கொள்வேன். ஐம்பதுக்கும் மேற்பட்ட மசூர்க்காக்கள் இருக்கின்றன, அவற்றையும் சுற்றில் விடலாம். நம் ஊர்ப் பாடகர் ஒரே கீர்த்தனையில் சங்கதிகளை அன்றைய மனநிலைக்கு ஏற்பக் கூட்டிக் குறைப்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவனுக்கு இது அந்நியமாகப் படவில்லை. தாள விஷயமும் அப்படித்தான். வலது கை இழுத்தும் முந்தியும் போகலாம், இடது கைதான் காலத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஷோபான் பாடம் சொன்னதாக மாணவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காலப்பிரமாணம் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

தமிழர்கள் வருவது அபூர்வம். ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்க்கும் மகன் குடும்பத்தோடு மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர் வந்திருந்தார். பட்டுப் புடவைக்கு மேல் கம்பளிக் கோட்டு. எல்லோரும் எழுந்து போன பிறகும் உட்கார்ந்தே இருந்தார்.

“தம்பி, நீங்க தமிழா? வாசல்ல பேரைப் பார்த்தேன், அதான்.”

“ஆமாம்மா, சென்னை.”

“ரொம்ப நல்லா இருந்துச்சு. எனக்கு இந்த இசையெல்லாம் தெரியாது. ஆனா நடுவுல ஒண்ணு வாசிச்சீங்கள்ல, கீழ சுருதிப்பெட்டி மாதிரி ஒரே சத்தம் போய்ட்டே இருந்துச்சே? மேல கல்யாணி மாதிரி கேட்டுச்சுப்பா. நெசமாவே அப்படி உண்டா, இல்ல எனக்குத்தான் தோணுச்சா?”

“அம்மா, கிளம்பலாம், அவருக்கு நேரமாகும்” என்றார் மகன். நான் மறுபடி பியானோ முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சொன்னது ஓபஸ் 68-ல் மூன்றாவது மசூர்க்கா. எஃப் மேஜரில் ஒரு விறைப்பான நடனமாகத் தொடங்கும். நடுவில் திடீரென்று வேகம் பிடித்து, இடது கை பி ஃப்ளாட்டையும் எஃப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். பி ஃப்ளாட்டை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் அது ச-ப, அப்பட்டமான தம்புரா. மேலே குழல் மாதிரி ஒரு மெட்டு ஓடும். அதில் மத்யமம் இயல்பான இடத்தில் இருக்காது, அரைச் சுரம் ஏறி இருக்கும். பிரதி மத்யமம். மற்ற சுரங்களையும் சேர்த்துப் பார்த்தால் கல்யாணியின் ஏழு சுரங்கள்தான். போலந்துக் கிராமத்து இசையில் இந்த ஏறிய நாலாம் சுரமும், அடியில் நிற்கும் சுருதியும் சர்வ சாதாரணம். ஷோபான் சிறுவனாக இருந்தபோது கோடை விடுமுறைக்குக் கிராமங்களுக்குப் போய்க் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டவை. இதைச் சொல்லி, அந்த நாலு வரியை மெதுவாக வாசித்துக் காட்டினேன். அந்த அம்மா கூடவே சுரம் முணுமுணுத்தார். மத்யமத்தில் விரலை நிறுத்தினேன். “ஆங், இதுதான்” என்றார்.

கமகம் இல்லாத ஏழு சுரம் கல்யாணி ராகம் ஆகிவிடாது. அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் பெயர் தெரியாத ஓர் இசையில், பெயர் தெரியாத ஒரு கிராமத்துச் சுரத்தை அவர் காது சரியாகப் பிடித்திருக்கிறது. நான் படித்த வகுப்பறைகளில் இதே விஷயத்தை ‘லிடியன் நாலாம் சுரம்’ என்று எழுதிப் போட்டுப் படித்தோம். ஒருவர் கேட்டு, உடனே கையால் பதில் சொல்லி, அவர் திரும்பப் பாடி உறுதி செய்வதற்கு ஒரு சின்ன அறை வேண்டும், போகிற அவசரம் இல்லாத ஓர் ஆள் வேண்டும். ஃபில்ஹார்மோனிக்கில் வாசித்திருந்தால் எனக்கு இது கிடைத்திருக்காது.

ஒரு கோடைகாலம் போலந்தின் இன்னொரு நகரமான கிராக்கோவில் வாசித்தேன். அங்கே வேலை வேறு மாதிரி. கிராக்கோவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு பகலை, நாஜிகளின் வதைமுகாம் இருந்த ஆஷ்விட்ஸுக்கு ஒதுக்குவார்கள். அறுபது எழுபது கிலோமீட்டர் தூரம். காலையில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புவார்கள். பயணத் திட்டத்தில் அன்றைய இரவுக்கே ஷோபான் கச்சேரி போடப்பட்டிருக்கும். அந்தக் குழுக்கள் உள்ளே வரும்போதே தெரிந்துவிடும். ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள்.

இசை ஆறுதல் தரும் என்று சொல்வது சுலபம். அந்த முகாமில் கைதிகளைக் கொண்டே வாத்தியக் குழுக்கள் வைத்திருந்தார்கள். காலையில் வேலைக்கு அணிவகுத்துப் போகிறவர்களுக்கும் மாலையில் திரும்புகிறவர்களுக்கும் அவர்கள் வாசித்தாக வேண்டும். அதைப் பற்றி அன்று மதியம்தான் கேட்டுவிட்டு வந்திருக்கும் மனிதர்கள் முன்னால் பியானோவில் கை வைக்கும்போது, இசை தன்னாலேயே நல்லது செய்துவிடும் என்ற நம்பிக்கையோடு உட்கார முடியாது. அந்த மாலைகளில் நான் வால்ட்ஸ் எதையும் வாசித்ததில்லை. முன்னுரையும் பேசுவதில்லை. ஈ மைனர் பிரிலூட் என்ற குறும் இசைத் துண்டில் ஆரம்பிப்பேன், ஓபஸ் 28-ல் நாலாவது. இரண்டு நிமிடம்தான். மெட்டு என்று பார்த்தால் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டு மாறி மாறி வரும். அடியில் சுரக்கூட்டுகள் அரை அரைச் சுரமாக இறங்கிக்கொண்டே போகும். பாரிஸில் ஷோபானின் இறுதிச் சடங்கில் ஆர்கனில் வாசித்த இரண்டு பிரிலூடுகளில் அதுவும் ஒன்று. கைதட்ட வேண்டாம் என்று வாசலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துவிடுவோம். கைதட்டுவதா வேண்டாமா என்ற சங்கடத்தை அவர்கள் தலையில் போடக் கூடாது. அந்தக் குழுக்களில் சிலர் முடிந்ததும் நேராக வெளியே போய்விடுவார்கள். சிலர் வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அதில் எது சரி எது தப்பு என்று கிடையாது. அந்த ஒரு மணி நேரம் அவர்களை எதுவும் கேட்காத ஓர் இடத்தில் உட்காரவைக்க முடிந்தால் போதும்.

வார்சாவுக்கே ஒரு கதை உண்டு, அதை என் குழுக்களுக்குச் சொல்லாமல் விடுவதில்லை. 1939 செப்டம்பர் 23-ஆம் தேதி, நகரம் முற்றுகையில் இருக்கும்போது, போலந்து வானொலியில் பியானோ கலைஞர் விளாடிஸ்லாவ் ஷ்பில்மான் ஷோபானை வாசித்தார். நான் முதலில் வாசிப்பதாகச் சொன்னேனே, அதே சி ஷார்ப் மைனர் நாக்டர்ன் அதில் இருந்தது. அதன்பின் வந்த ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் ஷோபானைப் பொதுவில் வாசிப்பதற்குத் தடை. வாஷியென்கி பூங்காவில் 1926-ல் திறந்த அவர் சிலையை 1940 மே மாதம் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அரங்கங்கள் மூடிய அந்த வருடங்களில் ஷோபான் எங்கே இருந்தார் என்றால், வீடுகளில். யாருக்கும் தெரியாமல் நண்பர்களை அழைத்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கூடத்தில் வாசித்தார்கள். பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் வந்து உட்கார்ந்தார்கள். சிறிய அறையில் வாசிப்பதைத் தாழ்ந்த வேலை என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். ஐந்து வருடத்துக்கு மேல் இந்த ஊரின் இசையைக் காப்பாற்றி வைத்திருந்தது அந்த அறைகள்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், இளம் கலைஞர்கள் கேட்டு எழுதுகிறார்கள். சம்பளம் கிடையாது, ஒரு மாலைக்கு இவ்வளவு என்று. கோடையில் ஒரே மாலையில் இரண்டு நிகழ்ச்சி இருக்கும், முதுகு வலிக்கும், கை நிறையும். ஜனவரி, பிப்ரவரியில் அறை காலியாகும். கடும் பனி பெய்த ஒரு மாலையில் இரண்டே பேர் வந்தார்கள், லிஸ்பனிலிருந்து ஒரு தகப்பனும் பத்துப் பன்னிரண்டு வயது மகளும். பணத்தைத் திருப்பித் தரலாமா என்று நிர்வாகி கேட்டார். நான் மறுத்துவிட்டேன். அந்தப் பெண் பிள்ளையை பியானோவுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்து, பலாடின் கடைசிப் பகுதியில் சுத்தியல்கள் துள்ளுவதைப் பார்க்கச் சொன்னேன். நிகழ்ச்சி முடிந்து அவளே ‘லா’ சுரத்தைக் கண்டுபிடித்து ஒரு விரலால் தட்டிப் பார்த்தாள். சரி, அன்றைக்கு எனக்கு வருமானம் என்று பெரிதாக எதுவும் இல்லை. அது போல இன்னொரு மாலை வந்தாலும் வாசிப்பேன்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மே நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் வாஷியென்கி பூங்காவில், 1958-ல் மறுபடி நிறுவிய அந்தச் சிலைக்குக் கீழே, மதியம் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இலவசக் கச்சேரி நடக்கும், 1959-லிருந்து நடந்துவருகிறது. புல்லில் உட்கார்ந்து கேட்கலாம், ஒலிபெருக்கி வழியாகத்தான் வரும் என்றாலும் போக வேண்டிய இடம். அடுத்த நாள் ஒரு சிறிய அறைக் கச்சேரிக்கும் போங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும். டிக்கெட் வாங்கும் முன் எத்தனை நாற்காலி என்று கேளுங்கள். ஐம்பதுக்கு மேல் சொன்னால் வேறு இடம் பாருங்கள். கொஞ்சம் முன்னாலேயே வந்து இடது பக்கம் உட்காருங்கள், கைகள் தெரியும். ஒலி முழுதாக வேண்டுமென்றால் வலது பக்கம், மூடி திறந்திருக்கும் திசை. வீடியோ எடுப்பதானால் கடைசி உருப்படியை மட்டும் எடுங்கள். மற்ற நேரம் திரையின் வெளிச்சம் வாசிப்பவர் கண்ணில் அடிக்கும். முடிந்ததும் நாங்கள் உடனே கிளம்பிவிட மாட்டோம், பியானோ பக்கத்திலேயேதான் நிற்போம். கேட்க ஏதாவது இருந்தால் வந்து கேளுங்கள். ஏதாவது ஓர் இடத்தை இன்னொரு தடவை வாசித்துக் காட்டச் சொன்னாலும் வாசிப்போம்.